உங்களுக்குத் தெரியுமா? கார்பன் ஷூவும் கொடைக்கானல் மலையும்

● 2016 ரியோ ஒலிம்பிக், ஆண்கள் மாரத்தான். தங்கம் கென்யாவின் எலியட் கிப்சோகேவுக்கு, வெள்ளி எத்தியோப்பியாவின் ஃபெயிசா லிலேசாவுக்கு, வெண்கலம் அமெரிக்காவின் கேலன் ரப்புக்கு. முடிவுக்கோட்டில் லிலேசா கைகளைக் குறுக்காக உயர்த்தித் தன் நாட்டு அரசுக்கு எதிர்ப்புக் காட்டியதைத்தான் உலகம் பார்த்தது. காலை யாரும் பார்க்கவில்லை. மூவர் காலிலும் இருந்தது கடைக்கே வராத ஒரே வகை ஷூ. வெளியே சாதாரண பந்தய ஷூவின் தோற்றம். அடியில் கனமான நுரை, அதற்குள் வளைந்த கார்பன் தகடு. 2017 ஜூலையில் அதுவே ‘நைக்கி வேப்பர்ஃப்ளை 4%’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று ஓட்டக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் முதல் கேள்வி, “பிளேட் இருக்கா?”

● அந்த 4 எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் வவுட்டர் ஹூக்காமர், ராஜர் க்ராம் குழுவினர் செய்த சோதனையிலிருந்து. 18 பேர் ஓடினார்கள். எல்லோரும் 10 கி.மீ. தூரத்தை 31 நிமிடத்துக்குள் முடிக்கக்கூடிய வேகக்காரர்கள். மூன்று வகை ஷூக்கள். மணிக்கு 14, 16, 18 கி.மீ. என மூன்று வேகங்கள். டிரெட்மில்லில் 5 நிமிடம் ஓட்டம், 5 நிமிடம் ஓய்வு. மூச்சுக்காற்றை அளந்து, உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கிறது என்று கணக்கிட்டார்கள். புது ஷூ எடை குறைவாக இருந்ததால், எடையின் பலன் கணக்கில் கலந்துவிடக் கூடாது என்று ஈயக் குண்டுகளை வைத்து மூன்று வகையையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்தார்கள். சராசரி ஆற்றல் சேமிப்பு 4 சதவீதம். சராசரி என்பதைக் கொஞ்சம் அழுத்திப் படிக்க வேண்டும். ஒருவருக்கு 2 சதவீதம்கூடத் தேறவில்லை, இன்னொருவருக்கு 6-ஐத் தாண்டியது. பெட்டியின் மேல் அச்சடிக்க 4 தான் வசதியான எண். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது நைக்கி. அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் பிறகு வேறு ஆய்வகங்கள் தனியாகச் செய்து பார்த்தபோதும் பலன் இருப்பது உறுதியானது.

● 4 சதவீத ஆற்றல் மிச்சமானால் 4 சதவீத வேகம் கூடுமா? கூடாது. வேகமாக ஓட ஓடக் காற்று எதிர்த்துத் தள்ளுவது அதிகமாகும். 2 மணி நேரத்தை ஒட்டி மாரத்தானை முடிக்கும் ஒருவருக்கு அந்த 4 சதவீதம், வேகக் கணக்கில் 3-க்கும் கீழேதான் வந்து நிற்கும்.

● தகடுதான் ஸ்பிரிங் மாதிரித் தூக்கிவிடுகிறது என்பது கடைக்காரர் சொல்லும் கதை. வேலையின் பெரும்பகுதியைச் செய்வது நுரை. பெபாக்ஸ் என்ற இந்த நெகிழி வகை பனிச்சறுக்குக் காலணிகளிலும் பயன்படுவது. மிதித்து அமுக்கும் ஆற்றலில் 87 சதவீதத்தை அது திருப்பித் தந்ததாக கொலராடோ அளவீடு சொன்னது. ஒப்பிட்ட மற்ற இரண்டு ஷூக்களில் அடிடாஸ் 76, நைக்கியின் பழைய பந்தய ஷூ 66. நுரை இவ்வளவு மெத்தென்று இருந்தால் கால் தள்ளாடும். பெருவிரல் மூட்டு வளைவதில் ஆற்றல் வீணாகும். தகடு இந்த இரண்டையும் கட்டுப்படுத்துகிறது.

● அப்படியானால் தகட்டையே வெட்டிவிட்டால்? வெட்டியும் பார்த்துவிட்டார்கள். லாரா ஹீலியும் ஹூக்காமரும் வேப்பர்ஃப்ளை ஷூவின் முன்பாதியில் ரம்பத்தால் குறுக்கே ஆறு வெட்டுப் போட்டுத் தகட்டைத் துண்டு துண்டாக்கினார்கள். அந்த ஷூவைப் போட்டு ஓடியவர்களின் ஆற்றல் செலவு ஏறியது வெறும் அரை சதவீதத்தை ஒட்டி. புள்ளியியல் கணக்கில் அது ஒரு வித்தியாசமே இல்லை. ஆனாலும் ‘நுரை ஷூ’ என்று விளம்பரம் செய்தால் யார் இருபதாயிரம் ரூபாய் கொடுப்பார்கள்?

● ஒரு ஷூவின் எடையில் 100 கிராம் கூடினால் ஓடுவதற்கான ஆற்றல் செலவு சுமார் 1 சதவீதம் கூடும். ஒவ்வோர் அடிக்கும் அந்த எடையைத் தூக்கி முன்னே வீசியாக வேண்டுமே. மழையில் கொடைக்கானல் ஏரிச்சாலையில் தண்ணீர் குடித்த ஷூவோடு ஓடியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

● எடை என்றதும் ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். அக்னி ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த கூட்டுப்பொருளை, ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்தார். போலியோவால் கால் பாதித்த குழந்தைகள் அப்போது 3 கிலோ எடையுள்ள உலோகக் காலிப்பரை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அப்துல் கலாம் குழுவினர் அதை 300 கிராமுக்குக் கொண்டுவந்தார்கள். தன் வாழ்வின் பெருமகிழ்ச்சிகளில் ஒன்றாக இதைக் கலாம் கடைசிவரை மேடைகளில் சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டக்காரர்களின் காலுக்குக் கார்பன் தகடு பரவுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடந்த கதை இது. பந்தய ஷூ மிச்சம் பிடிக்கும் சில பத்துக் கிராம்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

● சரி, மலைக்கு வருவோம். பழனி நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். நடுவில் 64 கி.மீ. சாலை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் இந்த உயரத்துக்குத் தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு போவதற்கு மட்டும் சுமார் 1,000 கிலோகலோரி செலவழிக்க வேண்டும். முன்னோக்கி நகரும் செலவு தனி. ஷூ திருப்பித் தருவது நீங்கள் தரையில் மிதித்து அமுக்கியதில் ஒரு பகுதியை மட்டும்தான். உடம்பை மேலே ஏற்றிய இந்தச் சுமைகூலியில் ஒரு பைசாகூட எந்த ஷூவும் திருப்பித் தராது.

● இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள், அதே கொலராடோவில். 2022-இல் வெளியான ஆய்வு: மணிக்கு 13 கி.மீ. வேகம், சமதளம், 3 பாகை ஏற்றம், 3 பாகை இறக்கம். கார்பன் ஷூவின் சேமிப்பு சமதளத்தில் 3.8 சதவீதம், ஏற்றத்தில் 2.8, இறக்கத்தில் 2.7. மலையில் கால்வாசிக்கும் மேல் பலன் காணாமல் போய்விடுகிறது. 3 பாகை என்றால் 100 மீட்டர் போவதற்குள் 5 மீட்டர் உயர்வது. பழனி–கொடைக்கானல் சாலையின் சராசரி ஏற்றம் 100-க்கு 3 மீட்டரைக்கூடத் தொடாது. ஆனால் சராசரியைப் பார்த்து யாரும் மூச்சு வாங்குவதில்லை. கொண்டை ஊசி வளைவுகளில்தான் வாங்குகிறோம்.

● இன்னொரு கசப்பான எண். இந்த ஷூக்களை ஆரம்பத்தில் சோதித்ததெல்லாம் வேகக்காரர்களின் வேகத்தில். டஸ்டின் ஜூபர்ட் குழுவினர் நம்மைப் போன்றவர்களின் வேகத்தில் சோதித்தார்கள். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் சேமிப்பு 1.4 சதவீதம், மணிக்கு 10 கி.மீ. என்றால் 0.9. சிலருக்குப் பலன் பூஜ்யத்துக்கும் கீழே போய், பழைய ஷூவே மேல் என்றானது. மணிக்கு 10 கி.மீ. என்பது மாரத்தானை 4 மணி 13 நிமிடத்தில் முடிக்கும் வேகம். நம் ஊர் மாரத்தான்களில் அதைவிட மெதுவாக ஓடி முடிப்பவர்களே ஏராளம். அந்தக் கூட்டத்திலும் கார்பன் ஷூக்கள் மின்னுகின்றன.

● வேகக்காரர்களிலும் எல்லோருக்கும் ஒரே பலன் கிடையாது. உலகத் தரத்துக் கென்ய ஓட்டக்காரர்களிடம் செய்த 2023 ஆய்வில், தட்டையான பழைய பாணிப் பந்தய ஷூவோடு ஒப்பிட்டால் ஒருவருக்குச் சுமார் 11 சதவீதம் லாபம்; இன்னொருவருக்குச் சுமார் 11 சதவீதம் நஷ்டம்! நண்பருக்குப் பலித்தது உங்களுக்குப் பலிக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆகவே சோதித்துப் பார்க்க வேண்டியது அவரவர் கால்.

● சோதிக்க எங்கே போவது? கொடைக்கானலில் இதற்கு ஏரிச்சாலையைவிட நல்ல இடம் இல்லை. 1863-இல் வியர் ஹென்றி லெவிஞ்ச் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஓடையை மறித்துக் கட்டிய ஏரி, நட்சத்திர வடிவம். சுற்றிவரச் சுமார் 5 கி.மீ., மலையூரில் அரிதான ஏறக்குறைய சமதளம். ஆய்வகக்காரர்கள் செய்வதையே இங்கேயும் செய்யலாம். முதல் சுற்று பழைய ஷூ, இரண்டாவதும் மூன்றாவதும் கார்பன், நான்காவது மறுபடி பழையது. இப்படி மடித்து வைத்தால், உடம்பு சூடேறும் லாபமும் களைத்துப்போகும் நஷ்டமும் இரண்டு ஷூவுக்கும் சமமாகப் பங்காகும். நான்கு சுற்றும் ஒரே நாளில் முடியாதென்றால் அரைச் சுற்றாக வைத்துக்கொள்ளுங்கள். இதயத்துடிப்பை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு, எடுத்த நேரத்தை ஒப்பிடுங்கள். வேகத்தைக் கூட்டிவிட்டு ‘ஷூ இழுத்துக்கொண்டு போகிறது’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. சமவெளியிலிருந்து வந்தவர்கள் சில நாள் தங்கி மலைக்காற்றுக்குப் பழகிய பிறகு தொடங்குவது நல்லது. வந்த புதிதில் துடிப்பு எகிறிக்கொண்டேயிருக்கும்.

இப்போது கணக்கு. கி.மீ.க்கு 6 நிமிடம் என்றால் ஒரு சுற்று 30 நிமிடம். அந்த வேகத்துக்கான 0.9 சதவீதம் அப்படியே நேரமாக மாறினாலும் கிடைப்பது சுற்றுக்கு 16 நொடி. ஏரிச்சாலையில் வாடகைக் குதிரை ஒன்று குறுக்கே நின்றால் அது போச்சு. வாடகை சைக்கிளில் குடும்பமாக வருபவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விடியும்போதே ஓடி முடித்துவிடுங்கள். ஒரு நாள் முடிவை நம்பாமல் பல நாள் சேர்த்துப் பாருங்கள். மரங்களுக்கு அடியில் ஜி.பி.எஸ். கடிகாரம் காட்டும் வேகத்தையும் நம்ப வேண்டாம். ஏரி நீளாது, சுருங்காது. கோட்டிலிருந்து கோட்டுக்கு நேரம் பார்த்தாலே போதும்.

● புது ஷூ போட்ட அன்று எல்லோருமே வேகமாகத்தான் ஓடுகிறார்கள். நம்பிக்கைக்கு எவ்வளவு பலம் என்று கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் அளந்தார்கள். ஊக்கமருந்துபோல வேலை செய்யும் புது ஊசி என்று சொல்லி, ஓட்டக்காரர்களுக்கு வெறும் உப்புநீரைப் போட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள். 3 கி.மீ. ஓட்டத்தில் நேரம் 1.2 சதவீதம் குறைந்தது. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் கார்பன் ஷூ மிச்சம் பிடித்ததைவிட உப்புநீர் அதிகம் சாதித்துவிட்டது! அதற்காக உப்புநீரை விற்கக் கிளம்பிவிடாதீர்கள்.

● கொடைக்கானலும் மெக்ஸிகோ நகரமும் உயரத்தில் கிட்டத்தட்டப் பங்காளிகள். அது 2,240 மீட்டர். 1968 ஒலிம்பிக் அங்கே நடந்தபோது பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டியதற்கு மெலிந்த காற்றும் ஒரு காரணம். அதே காற்று தொலைதூர ஓட்டக்காரர்களை வாட்டி எடுத்தது. 10,000 மீட்டரில் கென்யாவின் நஃப்தாலி டெமு தங்கம் வென்ற நேரம் 29 நிமிடம் 27.4 நொடி. அன்றைய உலக சாதனை ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஓடிய 27 நிமிடம் 39.4 நொடி. அந்தக் கிளார்க்கே அன்று ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் நினைவிழந்து விழுந்தார். கொடைக்கானலிலும் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடற்கரையில் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. மெரினாவில் ஓடும் வேகத்தை இங்கே எதிர்பார்த்துவிட்டு ஷூவைக் குறை சொல்லக் கூடாது.

● 1899-இல் கொடைக்கானலில் தொடங்கிய சூரிய ஆய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. 1909-இல் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்த இடம். ஓட்டக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: கென்யாவின் புகழ்பெற்ற ஓட்டப் பயிற்சி ஊரான ஐட்டன் 2,400 மீட்டரை ஒட்டியது, எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா சுமார் 2,350. அதே உயரம் நம்மிடமும் இருக்கிறது. அந்தப் பயிற்சிக் கலாசாரம்தான் இல்லை.

● கேரளத்தின் இடுக்கி மாவட்டம் பழனி மலைகளின் மேற்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து வந்தவர் பிரீஜா ஸ்ரீதரன். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் தங்கம். 31 நிமிடம் 50.47 நொடி. வேப்பர்ஃப்ளை கடைக்கு வர இன்னும் ஏறக்குறைய 7 ஆண்டுகள் இருந்தன.

● இறக்கத்தில் ஓடினால் ஆற்றல் செலவு குறையும். ஆனால் எதுவரை? இத்தாலியின் ஆல்பெர்ட்டோ மினெட்டி 2002-இல் கண்டது: 100-க்கு 20 மீட்டர் இறங்கும் சரிவில்தான் செலவு மிகக் குறைவு, சமதளத்தில் ஆவதில் ஏறக்குறைய பாதி. அதைவிடச் செங்குத்தானால் உடம்பைப் பிடித்து நிறுத்துவதற்கே ஆற்றல் போய், செலவு மறுபடி ஏறும். கொடைக்கானலின் டால்பின் நோஸ் பாதையில் வேர்களைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்களின் தொடையைக் கேட்டால் இதையே சொல்லும்.

● மூடுபனி, ஈரத் தார்ச்சாலை, யூக்கலிப்டஸ் இலை. இந்த மூன்றும் சேரும் இடத்தில் கார்பன் பந்தய ஷூ ஆபத்தான துணை. எடையைக் குறைப்பதற்காக அடி ரப்பரைச் சுரண்டிச் சுரண்டி மெலிதாக்கியிருப்பார்கள். நான்கு சென்டிமீட்டர் வரை உயர்ந்த நுரையின் மேல் நின்றுகொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்பினால் கணுக்கால் பக்கவாட்டில் சாயப் பார்க்கும். பெருமாள்மலையிலிருந்து பழனிப் பக்கம் இறங்கும் சாலை முழுக்க வளைவுகள்தான். நேர்ச்சாலைக்குப் பிறந்த ஷூவை அங்கே கொண்டுபோவது எனக்குச் சரியாகப் படவில்லை.

● மலைப்பாதைக்கென்றே தகடு வைத்த ஷூக்களும் வந்துவிட்டன. 2021-இல் நார்த் ஃபேஸ் நிறுவனம் கொண்டுவந்தது முன்னோடிகளில் ஒன்று. அங்கே தகட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு: கூரான கல் பாதத்தில் குத்தாமல் தடுப்பது.

● குளிருக்கு நுரையும் விறைக்கும். சாதாரண ரன்னிங் ஷூக்களில் இருக்கும் ஈ.வி.ஏ. நுரை, கொடைக்கானலின் ஜனவரி விடியலில் கட்டையாகிப்போகும். பெபாக்ஸ் வகை அந்த அளவுக்கு மாறுவதில்லை. மலையில் கார்பன் ஷூவுக்கு ஆதரவாக நான் சொல்லக்கூடிய ஒரு விஷயம் இதுதான்.

● 2023-இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை, கார்பன் ஷூ பயன்படுத்திய ஐந்து ஓட்டக்காரர்களுக்கு நடுப்பாதத்தில் இருக்கும் நேவிகுலர் எலும்பில் அழுத்தக் காயம் வந்ததைப் பதிவு செய்தது. ஐந்து பேரை வைத்து ஷூதான் காரணம் என்று தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் கால் வளையும் விதமே மாறுகிறபோது அழுத்தம் வேறிடத்துக்குப் போகும் என்பதில் வியப்பில்லை. தினசரி ஓட்டத்துக்கு வேறு ஷூ, பந்தயத்துக்கும் அதற்கு முந்தைய சில வேகப் பயிற்சிகளுக்கும் மட்டும் இது என்று மெல்லப் பழக்குவதே பயிற்சியாளர்கள் சொல்லும் வழி.

● பழனிக்குத் தைப்பூசத்துக்கு நடப்பவர்கள் காலில் எந்த நுரையும் இல்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நகரத்தார் காவடி எடுத்துப் பழனிக்குப் பாதயாத்திரை போவது சில நூற்றாண்டு வழக்கம். நூறு கி.மீ.க்கு மேல், பெரும்பாலும் வெறுங்கால், பெரும்பகுதி தார்ச்சாலை. வெயில் ஏறுமுன் நடப்பது, உச்சிவேளையில் தங்குவது, மறுபடி பொழுது சாய நடப்பது என்று அவர்கள் வகுத்துக்கொண்ட முறையில், இன்றைய அல்ட்ரா ஓட்டக்காரர்கள் படித்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

● வெறுங்காலில் நடந்து தோல் தடித்துப்போனால் பாதத்துக்கு உணர்ச்சி மழுங்கிவிடும் என்று நினைக்கிறோம். 2019-இல் நிக்கோலஸ் ஹோலோவ்கா, டேனியல் லீபர்மன் குழுவினர் கென்யாவிலும் அமெரிக்காவிலும் பாதங்களைச் சோதித்தார்கள். காய்ப்பு எவ்வளவு தடித்தாலும் தரையை உணரும் திறன் குறையவில்லை. ஷூவின் மெத்தைக்கு அந்தக் குணம் கிடையாது.

● 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலில் ஓடி வென்றார்: 2 மணி 15 நிமிடம் 16 நொடி, அன்றைய உலகின் சிறந்த நேரம். 1964 டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி 2:12:11. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அவருக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இந்தியாவுக்கும் ஒரு வெறுங்கால் நாயகர் உண்டு. பீகாரைச் சேர்ந்த சிவநாத் சிங், வெறுங்காலில் ஓடுவதற்குப் பேர்பெற்றவர். 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக் மாரத்தானில் 11-வது இடம். 1978-இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம், 40 ஆண்டுகளுக்கும் மேல் தேசிய சாதனையாக நின்றது. கார்பன் ஷூ வந்து ஆண்டுகள் பல கடந்தும் நின்றது. ஷூவை நம்புகிறவர்கள் இந்த ஒரு வரியைக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கலாம்.

● ஷூவுக்குச் சட்டமும் உண்டு. 2020 ஜனவரி 31 அன்று உலகத் தடகள அமைப்பு அறிவித்தது: சாலைப் பந்தய ஷூவின் அடிப்பாகம் 40 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது; விறைப்பான தகடு ஒன்றுக்கு மேல் கூடாது. அதற்கு மூன்றரை மாதம் முன்பு, 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் கிப்சோகே 1:59:40-இல் 42.195 கி.மீ. ஓடியிருந்தார். வேகம் காட்டும் வாகனம், முறைவைத்து மாறும் துணை ஓட்டக்காரர்கள் என்று எல்லாம் ஏற்பாடு செய்த ஓட்டம் என்பதால் அது சாதனைப் பட்டியலில் ஏறவில்லை.

● அதே வியன்னா, 2021 செப்டம்பர். நகர மாரத்தானில் எத்தியோப்பியாவின் டெராரா ஹுரிசா 2:09:22-இல் முதலாவதாக வந்தார். கொஞ்ச நேரத்தில் வெற்றி பறிபோனது. அவர் ஷூவின் அடிப்பாகம் 50 மி.மீ. இரண்டாவதாக வந்த கென்யாவின் லியோனார்ட் லங்காட் வெற்றியாளர் ஆனார். மாரத்தான் முழுக்க ஓடி, ஒரு சென்டிமீட்டரில் தோற்றவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

● 2023 செப்டம்பரில் பெர்லினில் எத்தியோப்பியாவின் டிகிஸ்ட் அசெஃபா 2:11:53-இல் ஓடி, பெண்கள் உலக சாதனையை இரண்டு நிமிடத்துக்கும் மேல் குறைத்தார். காலில் இருந்த அடிடாஸ் ஷூ ஒன்றின் எடை 138 கிராம். விலை 500 டாலர். ஒரு மாரத்தானுக்கும், அதற்கு முன் பழகிக்கொள்ளும் ஓட்டத்துக்கும் என்றே அளவாகச் செய்தது என்று நிறுவனமே சொன்னது.

● நைக்கிக்குக் காலணி செய்து தரும் தைவான் நிறுவனமான ஃபெங் தய்க்குத் திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறில் ஆலை இருக்கிறது. காலணி, தோல் பொருள் தொழிலை இழுத்துவரத் தமிழ்நாடு அரசு 2022-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஷூ தைக்கும் கைகள் நம் ஊரில் நிறைய.

● சாலை வருமுன் கொடைக்கானலுக்கு வழி, பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தாக ஏறும் பாதை. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரியார்கள் மேலே வீடு கட்டிக் குடியேறிய பிறகு, துரைமார்களையும் பெட்டி படுக்கைகளையும் டோலியில் சுமந்து ஏறினார்கள் கீழ்நாட்டுச் சுமைக்காரர்கள். மலையோட்டத்தில் இந்த மலை கண்ட முதல் வீரர்கள் அவர்கள்தான் என்பேன். வத்தலக்குண்டு வழியாக மோட்டார் சாலை வந்தது 20-ஆம் நூற்றாண்டில்.

● கொடைக்கானலிலிருந்து கும்பக்கரைக்கு இறங்கும் நடைபாதையில் வெள்ளகவி என்ற பழைய ஊர் இருக்கிறது. மலையோட்டக்காரர்களும் நடையர்களும் விரும்பும் பாதை. ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை; தெய்வம் குடியிருக்கும் மண் என்பது நம்பிக்கை. வருகிறவர்களும் எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். 40 மி.மீ. நுரையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஊரைக் கடக்க முடியும்.

● பெபாக்ஸ் நுரை சுமார் 450 கி.மீ. ஓடித் தேய்ந்தபின், சாதாரண ஈ.வி.ஏ. நுரையைவிட மேலாக எந்தப் பலனும் தரவில்லை என்று ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று கண்டது. 20,000 ரூபாய் ஷூவை 450-ஆல் வகுத்தால் கி.மீ.க்கு 44 ரூபாய். பழனியிலிருந்து கொடைக்கானல் வரை ஒருமுறை ஓடி ஏறினால் ஷூ தேய்மானம் மட்டும் 2,800 ரூபாய். அதே சாலையில் அரசுப் பேருந்தும் போகிறது.

● 2024 மே 7 முதல், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி, கொடைக்கானலுக்கு வண்டியில் வரும் சுற்றுலாப் பயணிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தால் பசுமை வரியும் உண்டு. ஓடுகிறவர்கள் இடுப்புப் பட்டையில் சொந்தக் குடுவையை மாட்டிக்கொள்ளுங்கள். இ-பாஸ் கேட்பது வண்டிக்கு. பழனியிலிருந்து ஓடியே வருகிறவரை எந்தச் சோதனைச் சாவடியிலும் யாரும் அதைக் கேட்கப்போவதில்லை, பிளேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.